பதிவேட்டில் இருந்தேன், வரிசையில் இல்லை

என் அக்கா மகள் ஃபின்லாந்தில் குடியிருக்கும் ஊரில் கத்தோலிக்கர்களுக்குச் சொந்தக் கோயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புராட்டஸ்டன்ட் பிரிவான லுத்தரன் சபையார் தங்கள் ஆராதனையை முடித்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும், அதே கட்டடத்தில் மதியம் இரண்டு மணிக்கு நம் பூசை. போலந்துக்காரர்கள், வியட்நாம்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து போன இரண்டு குடும்பங்கள், ஒரு கேரளத்து நர்ஸ், பிறகு இவளும் இவள் கணவனும். பூசை முடிந்ததும் மாதா படத்தைச் சுருட்டி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அலமாரியைப் பூட்டிவிட்டு வர வேண்டுமாம்.

இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் வளர்ந்தது சிதம்பரத்தில். தபால்காரருக்கு எங்கள் வீட்டு எண் தேவைப்பட்டதில்லை. ‘வேதக்காரங்க வீடு’ என்றால் போதும். நாங்கள் அவ்வளவு கொஞ்சம் பேர். கொஞ்சம் பேராக இருப்பதில் ஒரு சௌகரியம், எல்லோருமே முக்கியஸ்தர்கள். நான் பாடகர் குழுவில் இருந்தேன். குரலுக்காகச் சேர்க்கவில்லை, ஆள் கணக்குக்காகச் சேர்த்தார்கள். ஆனால் எங்களையும்விடக் கொஞ்சமாக இருந்தது தெருக்கோடி லுத்தரன் குடும்பம். அந்த ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அடைந்த திருப்தி இருக்கிறதே, அது எந்த மறைக்கல்வி வகுப்பிலும் சொல்லித் தந்தது அல்ல. இப்போது எங்கள் வீட்டுப் பெண் அவர்களிடம் மதிய நேரத்தை இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்பவர்கள் உலகப் படத்தைப் பார்ப்பதில்லை.

அவள் வீடியோவில் கூப்பிட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மடியில் நாலு மாதப் பெண் குழந்தை, கம்பளிக் குல்லாயோடு.

“மாமா, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் தேதி குறிச்சாச்சு. இன்னும் ஏழு வாரம். நீங்கதான் ஞானத்தகப்பன்.”

“நானா? அவ்ளோ தூரம் எப்படிம்மா வர்றது? ஆபீஸ்ல எனக்கு நெய்வேலி போறதுக்கே லீவு குடுக்க மாட்றாங்க.”

“நீங்க வர வேணாம் மாமா. உங்க சார்பா இங்க ஒருத்தர் பாப்பாவைத் தூக்கிக்கினு நிப்பாரு. பிலிப்பைன்ஸ்காரரு, பஸ் ஓட்றாரு, நல்ல மனுசன். ஆனா ரிஜிஸ்டர்ல உங்க பேருதான் இருக்கும். உங்க உறுதிபூசுதல் சர்டிபிகேட்டை மட்டும் அனுப்பிடுங்க.”

உறுதிபூசுதல் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு: எங்களில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து விவரம் தெரிந்தபின் ஆயர், அதாவது பிஷப், வந்து அதன் நெற்றியில் தைலம் பூசி, ‘இனிமேல் உன் விசுவாசத்துக்கு நீயே பொறுப்பு’ என்று ஒப்படைக்கிற சடங்கு அது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அது ஆகாதவன் இன்னொரு குழந்தைக்கு ஞானத்தகப்பன் ஆக முடியாது.

“அது இல்லாட்டி?” என்றேன், ஏதோ பொது அறிவுக்காகக் கேட்பதுபோல.

“இல்லாட்டி இவரோட அண்ணன்தான். அவரு கோயில் பக்கமே போறதில்ல மாமா. ஆனா எல்லா சர்டிபிகேட்டையும் லேமினேட் பண்ணி வச்சிருக்காரு.” குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அம்மா பக்கத்துலேர்ந்து ஒரு பேராவது இருக்கணும்னு எனக்கு ஆசை. இங்க நாங்க கொஞ்சம் பேருதானே, எங்க சாமியாரு எல்லாத்தையும் பாத்துப் பாத்துதான் எழுதுவாரு. ரிஜிஸ்டர்ல ஒரு பேரு இருந்தா அதுக்கு ஒரு ஆளு இருப்பாங்க.”

அக்கா போய் நாலு வருடமாகிறது. அம்மா பக்கம் என்று மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அந்த ஒருவனுக்கு உறுதிபூசுதல் ஆகவில்லை. இது எனக்கு மட்டுமே தெரியும். நாற்பத்திரண்டு வருடமாக.

கடலூரில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், நான் சாதாரண ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பவன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஜெபத்தை நீட்டாமல் முடித்துத் தருகிறவன் என்று பெயர் வாங்கியவன். என் மனைவியோ ஒருபடி மேலே: உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பதினோரு வருடமாக வகுப்பு எடுப்பவள். இதெல்லாம் போதாதென்று, என் பிழைப்பே சான்றிதழ். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ‘ரெக்கார்டு இருந்தா பாக்கலாம்’ என்பது நான் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் வாக்கியம். மனைவியிடமும் இரண்டொரு முறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு ஆனி மாதத்தில் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆயர் வருகிறார் என்று சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேரைத் தயார் செய்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. ஆளுக்கொரு ஞானத்தகப்பன் தேடினால் ஊரில் ஆள் பற்றாது என்பதால் பையன்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து, மறைக்கல்வி சொல்லித் தந்த உபதேசியாரே ஞானத்தகப்பன். அம்மா மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். அப்பாவுக்கு ரயில்வே ஸ்டேஷனில் டியூட்டி. அன்றைக்குப் பார்த்து விடுப்பு கேட்க முடியாது. அக்கா ஹாஸ்டலில். ஆகவே நான் தனியாகப் போனேன்.

அப்பாவுக்கு ஏன் விடுப்பு கிடைக்கவில்லை என்பதுதான் விஷயமே. அன்று நடராஜர் தேர்.

எங்கள் வீட்டிலிருந்து எங்கள் கோயிலுக்குப் போகத் தெற்கு வீதியைத் தாண்ட வேண்டும். தேர் நாளில் தெற்கு வீதியைத் தாண்டுவது என்பது பேச்சுக்கு வேண்டுமானால் சரி. நான் போனபோது வீதியில் தலைகள்தான் இருந்தன. தேர் மூலை திரும்பி நின்றுகொண்டிருந்தது. ஒதுங்க இடம் தேடிக் கொண்டிருந்தவனை ஒரு கை பிடித்து இழுத்தது. என் வகுப்புத் தோழன். அவன் அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. அவன் மட்டும் சிதம்பரத்தில் மாமா வீட்டிலிருந்து படித்தான்.

“எங்கடா மச்சான் மாப்பிள்ளை மாதிரி?”

“கோயிலுக்கு. ஆயரு வராரு.”

“இத்தைத் தாண்டி எப்படிப் போவ? வடத்தைப் புடிச்சுக்கினே நடந்தா அந்தாண்ட போய்ச் சேந்துடலாம், வா.”

தர்க்கரீதியாக இதில் பிழை இல்லை. வடத்தைப் பிடித்தேன். அந்தாண்டையும் வந்தது, போயும் விட்டது. என் கை வடத்தை விடவில்லை. பின்னாலிருந்து ஆயிரம் பேர் தள்ள, முன்னால் ஆயிரம் பேர் இழுக்க, இடையில் மாட்டிய ஒரு வேதக்காரப் பையன் வழியில் இறங்கிக்கொள்வது சாத்தியமில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், இறங்கிக்கொள்ள இரண்டு இடத்தில் நன்றாகவே வழி இருந்தது. நான் இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவனாக வரிசையில் நிற்கப் போனவன், முதல்முறையாக எண்ண முடியாத கூட்டத்தில் ஒருவனாக இருந்தேன். யாரோ ஒரு அம்மா நீர்மோர் கொடுத்தார். யாரோ ஒரு பெரியவர் என் நெற்றியில் விபூதியைப் பட்டையாகப் பூசிவிட்டார். ஆக, அன்றைக்கு என் நெற்றியில் பூச வேண்டியதைப் பூசத்தான் செய்தார்கள். துறை மாறிவிட்டது.

எங்கள் கோயிலை அடைந்தபோது மற்றப் பையன்கள் பளபளக்கும் நெற்றியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் அப்படியே திரும்பி, தெருக்குழாயில் முகம் கழுவி, வீட்டுக்குப் போய், மாடத்திலிருந்த தேங்காய் எண்ணெயில் விரலை விட்டு நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். படுக்கையிலிருந்த அம்மா என்னை அருகில் அழைத்து அந்த நெற்றியில் முத்தம் கொடுத்தார். “தேங்கா எண்ணெ வாசனை வருதேடா?” என்றார். ஆயர் தைலத்தில் அதையும் கொஞ்சம் கலப்பார் என்றேன்.

அதற்குப் பிறகு இதைச் சரிசெய்யச் சந்தர்ப்பங்கள் வராமல் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் ‘பொய் சொன்னேன் சாமி’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவேன், சில்லறையாகப் பிரித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சாமியார் “உறுதிபூசுதல் ஆச்சா?” என்று கேட்டார். “ஆச்சு சாமி” என்றேன். பக்கத்தில் என் மனைவி, அப்போது வருங்கால மனைவி, பெருமையாகத் தலையசைத்தாள்.

ஆகவே சர்டிபிகேட் வாங்கச் சிதம்பரம் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியதன் உண்மையான நோக்கம் வேறு. பதிவேட்டில் என் பெயர் இருக்காது. ‘பழைய ரிஜிஸ்டராம், கரையான் அரிச்சுட்டதாம்’ என்று எதையாவது சொல்லித் திரும்பிவிடலாம். கரையானின் மேல் பழிபோட்டு நான் எத்தனையோ மனுக்களைப் பைசல் செய்தவன்.

சிதம்பரத்துச் சாமியார் சின்ன வயது, சிரித்த முகம். இரும்பு பீரோவைத் திறந்து, துணி பைண்டிங் போட்ட பெரிய பதிவேட்டை மேசைமேல் வைத்தார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு கரையான் கூட அதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததாகத் தெரியவில்லை.

“எந்த வருஷம் சார்? ஆனி மாசமா... இதோ. நாப்பத்து மூணு பேரு.” விரல் மேலிருந்து கீழே இறங்கியது. நான் வருத்தமான முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். விரல் நின்றது. “இருக்கே சார்! பதினேழாவது.”

எட்டிப் பார்த்தேன். அழகான சாய்வெழுத்தில் என் பெயர். அப்பா பெயர். ஞானத்தகப்பன் பத்தியில் உபதேசியாரின் பெயர், மேலிருந்து கீழ்வரை ‘மேற்படி, மேற்படி’ என்று. உபதேசியார் நேரம் மிச்சப்படுத்த வகுப்பு வருகைப் பட்டியலைப் பார்த்து முந்தின நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாற்பத்து மூன்று பேரில் பதினேழாமவன் தேர் இழுக்கப் போய்விடுவான் என்று எந்தக் கத்தோலிக்கர் எதிர்பார்ப்பார்?

“ஃபின்லாந்துக்கா சார்? அப்ப இங்கிலீஷ்லயே போட்டுடறேன்,” என்று சாமியார் சான்றிதழை நிரப்பி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். “ரெக்கார்டு கரெக்டா இருந்தா எவ்ளோ நிம்மதி பாருங்க!”

நான் தலையாட்டினேன். அலுவலகத்தில் நான் அடிக்கடி சொல்லும் வசனம் அது.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சட்டைப் பையில் கொஞ்சமும் பொய்யில்லாத ஒரு சான்றிதழ்: அசல் பதிவேட்டின் அசல் நகல், அசல் கையெழுத்து, அசல் முத்திரை. பொய்யாக இருந்தது நான் மட்டும்தான். ஆலப்பாக்கம் தாண்டும்போது, யாரும் கூப்பிடாமலே, நெல்லிக்குப்பத்திலிருந்து மனு கொண்டுவந்த ஒரு அம்மா நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். பதிவில் அவர் இறந்துபோயிருந்தார். “ரெக்கார்டுல நீங்க இல்லையேம்மா,” என்றேன். “நான்தான் முன்னாடி நிக்கிறேனே சாமி,” என்றார். உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லி அவரை மூன்று தடவை நடக்கவைத்தேன். நான் கெட்டவன் இல்லை; விதி அப்படி. ஆனால் விதியின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கையில் கொஞ்சம் வியர்த்தது. அந்த அம்மா இருந்தார், பெயர் இல்லை. எனக்குப் பெயர் இருந்தது, நான் இல்லை.

வீட்டில் மனைவி சான்றிதழை வாங்கி, மேசைமேல் வைத்து நீவி, செல்போனில் படம் எடுத்தாள்.

“எவ்ளோ நீட்டா குடுத்திருக்காங்க! அனுப்பிடட்டா?”

“இரு.”

“ஏன், ஸ்பெல்லிங் தப்பா?”

“ஸ்பெல்லிங்கெல்லாம் கரெக்டுதான். விஷயம்தான் தப்பு.”

சொன்னேன். தேர், வடம், மோர், விபூதி, எண்ணெய் எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பாள் என்று ஓர் அசட்டு நம்பிக்கை எனக்கு இருந்தது. நான் சொன்ன விதம் அப்படி, நன்றாகவே சொன்னேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி சாமி கேட்டாரே.”

“கேட்டாரு.”

“என்னைப் பக்கத்துல வச்சுக்கினு ஆச்சுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“வருஷா வருஷம் பசங்ககிட்ட உங்களைத்தான் சொல்றேன். சார் பாருங்க, எவ்ளோ தெளிவா வாசகம் படிக்கிறாரு, அதெல்லாம் உறுதிபூசுதல்ல கெடைக்கிற பரிசுத்த ஆவியோட கொடைன்னு.” நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வகுப்புக் குரல் வந்துவிட்டது. “ஏழு கொடை என்னென்ன? சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

“ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, பக்தி, தெய்வபயம்.”

“ஆறுதான் ஆச்சு.”

யோசித்தேன். வரவில்லை.

“திடம்,” என்றாள். “அது உங்ககிட்ட இருந்தாத்தானே ஞாபகம் வரும்?”

அன்று ராத்திரி உப்புமா. அவள் கோபத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் முத்திரை.

மறுநாள் எங்கள் கடலூர்ப் பங்குத்தந்தையிடம் போனோம். வயதானவர், நிதானமானவர். கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டு சான்றிதழைப் படித்தார்.

“சிக்கல்தான் சார். ஆகலைன்னு இருந்தா ஆயர்கிட்ட அனுமதி வாங்கி நானே குடுத்துடலாம். ஆனா ரிஜிஸ்டர் ஆச்சுங்குதே? உறுதிபூசுதலை ஒருத்தருக்கு ரெண்டு தடவை குடுக்கக் கூடாது. அது பெரிய தப்பு.”

“நான்தான் ஆகலைன்னு சொல்றனே ஃபாதர்.”

“நீங்க சொல்றீங்க. ரெக்கார்டு வேற சொல்லுதே?”

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முந்தின நாள் வராத சிரிப்பு இப்போது வந்திருந்தது.

“ஆதாரம் எதாவது இருக்கா?” என்றார் சாமியார். “அன்னைக்கு நீங்க கோயில்ல இல்லைன்னு, வேற எடத்துல இருந்தீங்கன்னு, பாத்தவங்க யாராவது எழுதிக் குடுப்பாங்களா?”

அப்படித்தான் நான் காடாம்புலியூருக்குப் போனேன். தேர் நாளில் என் கையைப் பிடித்து இழுத்தவன் இப்போது அங்கே முந்திரி வியாபாரி. கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பெரிய மீசையோடு உட்கார்ந்திருந்தான். வருடத்துக்கொரு கல்யாணத்தில் சந்தித்துக்கொள்வோம். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு உண்டான குதூகலம் கொட்டகைக்குள் இருந்தவர்களையெல்லாம் எட்டிப் பார்க்க வைத்தது.

“மச்சான், நாப்பது வருஷம் கழிச்சு உன் மேல கேஸா?”

“கேஸ் இல்லடா. நான் அன்னைக்கு எங்க கோயிலுக்குப் போவலைன்னு எழுதிக் குடுக்கணும்.”

“நீ எங்க கோயிலு தேரை இழுத்தேன்னு எழுதினா உங்க சாமியாரு ஒத்துக்குவாரா? உன்னைய வெளிய தள்ளிடப் போறாரு.”

“அவருதான் கேட்டாரு.”

“உங்காளுங்க வெவகாரமே தனிடா.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். “யாராவது ஒரு வெள்ளப் பேப்பர் எடுத்தாங்கப்பா. கோடு போடாதது. சாமி விஷயம்.”

எழுதினான். நிறுத்தி நிறுத்தி, மனுநீதிச் சோழன் போன்ற முகத்தோடு எழுதினான். வாங்கிப் பார்த்தேன். ‘மேற்படி நபர் அன்று காலை சுமார் எட்டு மணியிலிருந்து மதியம்வரை என்னுடன் தேர் வடம் பிடித்து வந்தார் என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன்’ என்றிருந்தது. அதற்குக் கீழே: ‘ஆனால் அவர் இழுக்கவில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தார்.’

“இது எதுக்குடா?”

“உள்ளதைத்தானே எழுதணும்? பொய்யாணையா எழுதினா எங்காளு சும்மா வுடுவாரா? நீ இழுக்கல மச்சான். நான் பாத்தேன். மூஞ்சை மட்டும் இழுக்கறாப்ல வச்சுக்கினு வந்த.”

ஆக, எந்தப் பக்கமும் நான் முழுசாக இல்லை என்பதற்கு இப்போது எழுத்துமூலமான ஆதாரம் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தி, ஒரு கிலோ முந்திரியும் கொடுத்தனுப்பினான்.

கடிதத்தைப் படித்த பங்குத்தந்தை கடைசி வரியில் சற்று நேரம் நின்றார். “இவரு நம்பகமான சாட்சி,” என்றார். “அந்தப் பக்கம் ரிஜிஸ்டர். இந்தப் பக்கம் நீங்க, இவரு. நியாயமான சந்தேகம் வந்துடுச்சு. சந்தேகம்னா நிபந்தனையோட குடுக்கலாம். மேல எழுதறேன்.”

அனுமதி வர மூன்று வாரம். அதுவரை ஞாயிறுதோறும் மனைவியின் வகுப்பில், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால், முழங்கால் இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அது சாமியார் வைத்த நிபந்தனை இல்லை. வீட்டில் வைத்தது.

உறுதிபூசுதலுக்கும் ஒரு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ வேண்டும். யாரைக் கேட்பது? யாரைக் கேட்டாலும் முதலிலிருந்து கதை சொல்லியாக வேண்டும்.

“நானே நிக்கிறேன்,” என்றாள் மனைவி.

“பெஞ்சாதி புருஷனுக்கு ஞானத்தாயா?”

“சட்டத்துல தடை இல்ல, வழக்கத்துலதான் இல்ல. சாமியைக் கேட்டுட்டேன்.” கேட்டே விட்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு மணிப் பூசை. வழக்கமாக வரும் ஏழெட்டு அம்மாக்கள். பூசைக்கு நடுவில் நான் எழுந்து முன்னால் போனேன். மனைவி பின்னால் வந்து வலது கையை என் தோளில் வைத்தாள். ‘நீர் ஏற்கெனவே பெறவில்லையென்றால்’ என்று தொடங்கினார் சாமியார். அலுவலகத்தில் நாங்கள் போடும் உத்தரவுகளிலும் இப்படி ஒரு வரி இருக்கும். கடவுளிடமும் அந்த நடைமுறை இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு தைலம். அதன் வாசனை தேங்காய் எண்ணெய் போலவே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தேதான் விட்டிருப்பார் என்று அந்த நொடியில் தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

அதை அந்த அம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள். காலை நேரம், ஐம்பத்து நாலு வயது ஆள், நெற்றியில் எண்ணெய், பின்னால் மனைவி, கண்ணில் நீர். எங்கள் ஆட்கள் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கடும் நோயாளிக்குத் தைலம் பூசுகிற நோயில்பூசுதல் வாங்கும் அளவுக்கு என்ன வியாதி என்று மனைவியிடம் தணிந்த குரலில் விசாரித்தார்கள். “ரொம்ப நாளா இருந்திருக்கு, எனக்கே இப்பத்தான் தெரியும்,” என்றாள் அவள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

புதிய சான்றிதழை அனுப்பினோம். அரைமணியில் அக்கா மகள் கூப்பிட்டாள்.

“மாமா, இதுல தேதி இந்த மாசம்னு இருக்கே?”

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்து அழுதது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “இத்தை நான் சாமிகிட்ட எப்படி மாமா சொல்றது? போன வாரம் பூசின ஆளை ஞானத்தகப்பனா ஏத்துக்குவாரா? இவரு அண்ணன் வேற ரெண்டு நாளைக்கு ஒருக்கா போன் பண்ணிக் கேக்குறாரு.”

“பழைய சர்டிபிகேட்டும் இருக்கு,” என்று வாய்வரை வந்தது. எதிரே என் ஞானத்தாய் உட்கார்ந்திருந்தாள். “உள்ளதைச் சொல்லும்மா,” என்றேன். “சாமி முடியாதுன்னு சொன்னா அந்த அண்ணன் பேரையே போட்டுடுங்க.”

மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் நான் ஆசைப்பட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, இரவல் கட்டடத்தில், ஒரு பதிவேட்டின் ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ள ஒரு மனிதன் இவ்வளவு தவிப்பானா? அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் ஏன் மூன்றாம் தடவையும் வருகிறார்கள் என்பது கொஞ்சம் புரிந்தது. இரண்டு பேர் கோப்புகளை அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன். சாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி அங்கேயும் பரவியது.

நாலாம் நாள் அவள் குரல்: “சரின்னுட்டாரு மாமா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இந்தத் தடவை நேர்ல நின்னாரான்னு. நின்னாருன்னு சொன்னேன்.”

ஞானஸ்நானத்தன்று அங்கே மதியம், இங்கே சாயங்காலம். செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் எதிரே உட்கார்ந்தோம். நான் வேட்டி கட்டியிருந்தேன். அங்கே பஸ் ஓட்டுகிறவர் கோட்டும் டையுமாக, என் சார்பில், குழந்தையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நின்றார். சட்டப்படி அவர் பதில் சொன்னால் போதும். ஆனால் கேள்விகள் கேட்கிற இடம் வந்ததும் அந்த ஊர்ச் சாமியார் அக்கா மகளிடம் ஏதோ சொல்ல, அவள் போனைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீலக் கண், நரைத்த தாடி. நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார்: விசுவசிக்கிறீரா?

வாசகம் படிக்கிற குரல் எங்கோ போய்விட்டது. “விசுவசிக்கிறேன்,” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாமியார் காதருகே கையைக் குவித்தார். பஸ் ஓட்டுகிறவரும் போனைப் பார்த்தார். குழந்தை பார்த்தது.

“கடைசி பெஞ்சுக்குக் கேக்கல,” என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

எழுந்து நின்று, எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் திறந்து பார்க்கும் அளவுக்கு, இன்னொரு தடவை சொன்னேன். சாமியார் தலையசைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்தார்.